ஒரே நெபுலாவோடு ஒரு பருவம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே வீடு வழக்கம்போல் கலகலப்பாகத்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய படங்களெல்லாம் வந்து சேர்ந்தன. ஓரியன் நெபுலாவைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் கோயில் சீரியல் செட்டு?" என்று கேட்டாள் பெரியம்மா. நெபுலா என்றால் வானத்தில் இருக்கிற வாயு மேகம், ஏறக்குறைய 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். "அவ்வளவு தூரத்துல இருக்கிறது இவளுக்குத் தெரியுது, பெங்களூர்ல இருந்து ஒரு போன் போடத் தெரியல" என்றாள். பதில் சொல்ல வேண்டியது நீ.

உன் அப்பன் மட்டும் சரியாகப் போன் செய்துவிடுகிறான். "அண்ணே, அமாவாசைக்கு அமாவாசை ஜவ்வாது மலைக்குக் கிளம்பிடறா. வயசுப் பொண்ணு அமாவாசை இருட்டுல போறதான்னு இவ அழுவுறா. நீ சொன்னா கேப்பா" என்று. நீ யார் சொன்னால் கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். நிலா இருக்கிற ராத்திரியில் இந்த வேலை நடக்காது, அமாவாசைதான் அவளுக்கு முகூர்த்த நாள் என்று சொல்லி வைத்தேன். உன் அம்மா சமாதானம் ஆகவில்லை. ஆக மாட்டாள். அதை நீ உன் பாட்டுக்குச் சமாளி.

என் கவலை வேறு. மலையும் இல்லை, அமாவாசையும் இல்லை. நீ அனுப்பிய படங்களுக்குக் கீழே நேரம் எழுதியிருந்தாய். ஓரியன் அரை மணி, கார்த்திகைக் கொத்து இருபது நிமிஷம், குதிரைத்தலை நெபுலா அரை மணி, ரோசெட் அரை மணி, நடுவே ஆந்திரமேடா வேறு மறையப்போகிறது என்று அவசரமாகப் பத்து நிமிஷம். எல்லாம் ஒரே ராத்திரி! கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை ஒரு வாய் எடுத்துப் பார்க்கிறவளைப் பெரியம்மாவிடம் காட்டிப் பார், என்ன சொல்வாள் என்று தெரியும். நானும் அதையேதான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் மரியாதையாக.

கண்ணு, ஒன்றைப் பிடி. ஒரு பருவம் முழுக்க அதையே எடு.

ஏன் என்பதற்கு உன் கம்ப்யூட்டரே கணக்குச் சொல்லும். முப்பது விநாடிப் படங்கள் அறுபது எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்குகிறாய், ஸ்டாக்கிங் என்கிறாய். அடுக்கும்போது நெபுலாவின் ஒளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருப்பதால் கூடிக்கொண்டே போகிறது. இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழுவதால் அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஆனால் இதில் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது. நான்கு மடங்கு நேரம் கொடுத்தால்தான் இரண்டு மடங்கு தெளிவு. அரை மணிப் படத்தை இரண்டு மடங்கு நன்றாக்க இரண்டு மணி நேரம் வேண்டும், அதை மறுபடி இரண்டு மடங்காக்க எட்டு மணி நேரம். ஒரு ராத்திரியில் மலையேறி, சாமான் பொருத்தி, மேகத்துக்கும் காற்றுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவது நாலு மணி நேரம். அந்த நாலையும் ஐந்தாகப் பிய்த்தால் ஐந்து அரைகுறைதான் கையில் நிற்கும்.

எல்லோரும் எடுத்து முடித்ததைத் திரும்பத் திரும்ப எடுத்து என்ன கண்டோம் என்று நீ கேட்பாய். ஆந்திரமேடாவைவிட அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட கேலக்சி உண்டா? 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படத்தில் அதன் சுருள் வடிவம் தெரிந்ததிலிருந்து உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அதைப் பார்த்தாயிற்று. அப்புறம் பிரான்சில் யான் சான்டி என்கிற அமெச்சூர், 106 மில்லிமீட்டர் வாய் கொண்ட சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் பில்டரையும் போட்டு, 100 மணி நேரத்துக்கும் மேல் அதே கேலக்சியை எடுத்தார். பக்கத்திலேயே நீலப்பச்சையில் ஒரு பெரிய வில் தெரிந்தது. அதுவரை யார் கண்ணிலும் படாதது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்று இன்னும் இரண்டு அமெச்சூர்களோடு சேர்ந்து அதைச் சரிபார்த்தார்கள். 2023 ஜனவரியில் செய்தி வெளியானது, அந்த வில்லுக்கு மூவர் பெயரும் வைத்தாயிற்று. அது ஆந்திரமேடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, நம் பால்வெளியிலேயே குறுக்கே கிடக்கிறதா என்று விஞ்ஞானிகள் விவாதித்தார்கள். பெரிய தொலைநோக்கிகள் அதை ஏன் பார்க்கவில்லை? அவை வானத்தில் ஒரு பொட்டை மட்டும் பார்க்கிறவை. அந்த மங்கல் வில்லுக்கு அகலமான பார்வையும் நூறு மணி நேரமும் வேண்டியிருந்தது. பெரிய ஆய்வகத்தில் நூறு மணி நேரம் யார் கொடுப்பார்கள்? உன்னிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த நேரம்தான் கண்ணு. அதைச் சில்லறையாக மாற்றாதே.

பழைய ஆட்களைப் பார். ஹென்றி டிரேப்பர் நியூயார்க்கில் டாக்டர். 1880 செப்டம்பர் 30-ஆம் தேதி 11 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணாடித் தகட்டை வைத்து 50 நிமிஷம் காட்டி ஓரியன் நெபுலாவை எடுத்தார். நெபுலாவை முதன்முதலில் போட்டோவாக எடுத்தது அவர்தான். எடுத்தாயிற்று, பெயரும் வந்தாயிற்று, அடுத்ததைப் பார்ப்போம் என்று போகவில்லை. திரும்பத் திரும்ப அதற்கே வந்தார். 1882 மார்ச்சில் அதே நெபுலாவை 137 நிமிஷம் காட்டி எடுத்தபோது, முதல் படத்தில் இல்லாத மங்கல் பகுதியெல்லாம் வந்துவிட்டது. அந்த வருஷமே இறந்தும் போனார், பாவம், நாற்பத்தைந்து வயசு.

டார்க் ரூம் ஆளான எனக்கு அந்த 137 நிமிஷத்தின் கனம் தெரியும். பிலிமும் தகடும் நேரம் ஆக ஆக மந்தமாகும். பத்து நிமிஷம் காட்டினால் ஒரு நிமிஷத்தைப்போல் பத்து மடங்கு வராது. அத்தனை நேரமும் ஒருவர் தொலைநோக்கியின் ஓட்டத்தை விடாமல் கவனித்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். நீ என்ன செய்கிறாய்? டிராக்கரை ஓடவிட்டுக் கம்பளிக்குள் புகுந்து போனில் சினிமா பார்க்கிறாய். அதில் தப்பில்லை. சினிமா பார்க்கிற நேரத்தை ஒரே பொருளுக்குக் கொடு என்கிறேன், அவ்வளவுதான்.

எதைப் பிடிப்பது? அது உன் பாடு. என் ஓட்டு கரினா நெபுலாவுக்கு. ஓரியனைவிட வானத்தில் அகலமானது, உன் 135 எம்.எம். லென்சுக்குச் சரியாக இருக்கும். ஏறக்குறைய 7,500 ஒளியாண்டு தூரம். அதற்குள் இருக்கிற ஈட்டா கரினா என்ற நட்சத்திரம் 1840-களில் குமுறி, சிரியசுக்கு அடுத்தபடியாக வானத்தில் பிரகாசமாக நின்றது. லண்டன்காரர் வீட்டு மாடியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. டில்லியில் தொடுவானத்தை உரசிக்கொண்டு போகும். ஜவ்வாது மலையில் தெற்கே பதினெட்டு டிகிரி உயரம் ஏறும், திறந்த சரிவு ஒன்று கிடைத்தால் போதும். அதே மலையில் காவலூரில் ஆய்வகம் இருக்கிறதே, வைணு பாப்பு 1960-களில் இடம் தேடி அலைந்து இந்த மலையைப் பிடித்ததற்கு, இருட்டோடு இந்தத் தென்வானமும் காரணம். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி 1986-லிருந்து இருக்கிறது. உன்னிடம் இரண்டு அங்குலக் கண்ணாடி. ஆனால் இரண்டு பேருக்கும் அதே வானம்தான்.

இந்த மாசி அமாவாசைக்கு நள்ளிரவில் அது உச்சியில் இருக்கும். பங்குனியில் பத்து மணிக்கு. சித்திரையில் சாப்பிட்டு முடித்ததும் தயாராக இரு. வைகாசி பிறந்தால் இருட்டும்போதே சாயத் தொடங்கிவிடும், மழை மேகமும் வந்துவிடும். அப்புறம் தையில் விடியலுக்கு முன் மறுபடி பிடிக்கலாம். மூன்று அமாவாசையில் மேகம் எத்தனையைத் தின்னும் என்பது உன் அம்மாவின் வேண்டுதலைப் பொறுத்தது.

இனி நான் சொல்லப்போவது உனக்குச் சலிப்பாக இருக்கும். இருந்தாலும் படி.

நோட்டுப் புத்தகம் வை. போனில் அல்ல, காகிதத்தில். போன் மாறும், செயலி மாறும், கடவுச்சொல் மறக்கும். தேதி, இடம், எந்தப் பொருள், எந்த லென்ஸ், எத்தனை விநாடி, எத்தனை படம், காற்று, பனி, எத்தனை மணிக்கு மேகம் வந்தது, பவர் பேங்க் எப்போது உயிரை விட்டது, எல்லாம். குளிரில் பேனா எழுதாது, பென்சில் வைத்துக்கொள். அந்த ராத்திரியே எழுது. காலையில் எழுதினால் நடந்ததை எழுத மாட்டாய், நடந்திருக்க வேண்டியதை எழுதுவாய்.

நம் ஸ்டூடியோவில் பழுப்புக் கவர் அடுக்கிய மர அலமாரி இருந்தது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. ஒவ்வொரு கவரிலும் பென்சிலால் ஒரு எண், அதே எண் பெரிய ரெஜிஸ்டரில். பெயர், தேதி, பாஸ்போர்ட் சைசா முழு உருவமா, எத்தனை காப்பி. உன் தாத்தா காலத்திலிருந்து வந்த வழக்கம். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். அவள் அப்பா இறந்து வெகு நாளாகிவிட்டது, வீட்டில் ஒரு படமும் இல்லை, தன் கல்யாணத்துக்கு முன் இங்கே வந்து ஒருமுறை எடுத்தார்கள் என்று மட்டும் தெரியும். எந்த வருஷம் என்றுகூடத் தெரியாது. பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ரெஜிஸ்டரில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். கிடைத்தது. கவரைப் பிரித்து நெகட்டிவை வெளிச்சத்துக்குக் காட்டினேன். வெள்ளைத் தலைமுடி கறுப்பாக, கறுப்பு முகம் வெள்ளையாகத் தெரிந்தது. அதில்கூட அந்த அம்மா அடையாளம் கண்டுகொண்டாள், "எங்கப்பாதான், காது பாருங்க" என்று. எண் எழுதாத நெகட்டிவாக இருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வானத்திலும் இது நடந்திருக்கிறது. ஜே மெக்நீல் என்று அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு அமெச்சூர். 2004 ஜனவரியில் வீட்டுக் கொல்லையிலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் பக்கத்து எம் 78 நெபுலாவை எடுத்தார். படத்தைச் சீர்செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒரு சின்ன மங்கல் திட்டு. வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்திருப்பார்கள். அவர் பழைய படங்களோடு ஒப்பிட்டார், அவற்றில் அது இல்லை. பிறந்து வளரும் ஒரு நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகித் தன்னைச் சுற்றியிருந்த தூசியை வெளிச்சமிட்டிருக்கிறது. இன்றைக்கு அது மெக்நீல் நெபுலா. அதற்கப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. எவெரெட் கிரைமர் என்ற இன்னொரு அமெச்சூர் 1966-இல் எடுத்த படத்தில் அதே திட்டு இருந்திருக்கிறது! ஆக இது விட்டு விட்டு எரிகிற விளக்கு என்று புரிந்தது. அந்த மனிதர் படத்தையும் தேதியையும் பத்திரமாக வைத்ததால்தானே?

ஆகவே கச்சாப் படங்களை அழிக்காதே. அடுக்கி முடித்ததும் இடம் அடைக்கிறது என்று நீ மொத்தமாகத் தூக்கிப் போடுகிறாய் என்று உன் தம்பி கோள் மூட்டினான். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கு, ஒன்று பெங்களூரில், ஒன்று இங்கே என் பீரோவில். அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை கண்ணால் பார். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் புசோ என்ற பூட்டுச் சாவி செய்கிறவர், 2016 செப்டம்பர் 20-ஆம் தேதி புதுக் கேமராவைச் சோதிக்க ஒரு கேலக்சியைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்துக்கொண்டே போனார். நடுவே ஒரு புள்ளி முளைத்து, படத்துக்குப் படம் பிரகாசமானது. ஒரு நட்சத்திரம் வெடிக்கிற முதல் வெளிச்சம் அது. விஞ்ஞானிகள் தேடியும் அகப்படாத நேரம். படங்களை வரிசையாகப் பார்த்ததால் அவருக்கு அது தெரிந்தது. எல்லாவற்றையும் மென்பொருளில் கொட்டி ஒரே படமாகப் பிழிந்திருந்தால் அது ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான்.

பிளாட் எடுக்காமல் மலையிறங்காதே. உன் ரோசெட் படத்தின் மூலையில் இருக்கிற இருண்ட வளையத்தை நீ நெபுலாவின் பகுதி என்று நினைத்தாயோ? அது சென்சார்மேல் உட்கார்ந்த தூசி. விடியல் வெளுக்கும்போது, போகஸைத் தொடாமல், கேமராவைத் திருப்பாமல், லென்ஸ் வாயில் உன் அப்பனின் பழைய வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டு இருபது முப்பது படம் எடு. தூசியும் ஓர இருட்டும் அதில் பதியும், மென்பொருள் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளும். நீலக் கரை வேட்டி வேண்டாம், கரை தெரியும். டார்க் எடுப்பதை மழை நாளில்கூடச் செய்யலாம், லென்சை மூடிவிட்டு அதே சூட்டில், அதே விநாடியில். அதற்கு ஒரு அத்தியாயம் எழுத வேண்டியதில்லை.

போகஸை ராத்திரி முழுக்க நம்பாதே. மலையில் குளிர் இறங்க இறங்க லென்ஸ் சுருங்கும், ஒன்பது மணிக்குச் சரியாக இருந்தது ஒரு மணிக்கு இருக்காது. அட்டையில் வெட்டிய பாக்தினோவ் முகமூடியைப் போட்டு, நடுக்கோடு மற்ற இரண்டின் குறுக்கே சரியாக நிற்கிறதா என்று மணிக்கொரு தடவை பார். சரியானதும் வளையத்தில் டேப் ஒட்டு. மார்கழி தையில் பனி லென்ஸ்மேல் இறங்கும், பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டையைச் சுற்றி வை. துடைத்துத் துடைத்து எடுக்கலாம் என்று நினைக்காதே, துடைக்கிற ஒவ்வொரு முறையும் போகஸ் நகரும்.

டிராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க நீ படும் பாடும் கேள்விப்பட்டேன். ஜெர்மனிக்காரன் எழுதிய செய்முறையில் அது ஐம்பது டிகிரி உயரத்தில் இருக்கும், நமக்குப் பன்னிரண்டு டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. ஒரு பலா மரம் போதும் மறைக்க. ஆகவே பகலிலேயே போய் வடக்கும் தெற்கும் திறந்த இடமாகப் பார்த்து வை. டிராக்கரை அவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும், நடுராத்திரியில் 'டக்' என்று சத்தம் கேட்டு எழுந்து பயப்படாதே, கரடி இல்லை. முக்காலியின் ஒரு காலை வடக்கே நேராக வைக்காமல் திருப்பிப் போட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்கு.

காசு விஷயம். அடுத்த சம்பளத்தில் குளிரூட்டிய கேமரா, அதற்கடுத்து பெரிய தொலைநோக்கி என்று மாதத் தவணைக் கணக்குப் போட்டிருக்கிறாய். போடாதே. இருக்கிற கேமராவில் கரினாவை இருபது மணி நேரம் எடுத்து முடி, அதற்கப்புறம் எது குறை என்று அந்தப் படமே சொல்லும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல முக்காலியும் உறுதியான மவுண்டும் வாங்கு. ஆடுகிற காலின்மேல் எத்தனை லட்சம் வைத்தாலும் நட்சத்திரம் கோழிமுட்டையாகத்தான் வரும். சீர்செய்ய சிரில், வானம் பார்க்க ஸ்டெல்லேரியம், இரண்டும் இலவசம். கள்ளச் சாப்ட்வேர் பக்கம் போக ஒரு காரணமும் இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பெண் பார்க்கும் படத்துக்கு நெகட்டிவ்மேல் கூர்ப்பென்சிலால் தீற்றி அம்மைத் தழும்பை எடுப்போம், கன்னத்தை வழவழப்பாக்குவோம். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போய், படத்தில் இருந்த தங்கச்சி எங்கே என்று கேட்டார்களாம். அது தொழில், காசு கொடுத்தவர் கேட்டார், செய்தோம். உன்னிடம் யார் கேட்டார்கள்? உன் ஓரியனில் ஊதா எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜன் முக்கியமாகச் சிவப்பில்தான் ஒளிரும், 656 நானோமீட்டர். ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் பச்சையும் பொன்னுமாக இருக்கிறதே, அதில்கூட கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒரு முறை இருக்கிறது, அதைச் சொல்லியும்விடுகிறார்கள். நீயும் அப்படிச் செய்தால் அப்படி என்று எழுது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் இல்லாத கூர்மையை வரவழைக்கும் ஏ.ஐ. எல்லாம் வந்துவிட்டதாமே. அது வைத்த நட்சத்திரம் ஒன்றுகூட உன் படத்தில் இருக்கக்கூடாது. மெக்நீல் கண்டது ஒரு திட்டு. உன் பொத்தான் அதை இரைச்சல் என்று துடைத்துவிட்டிருக்கும்.

மலையில் நடந்துகொள்ளும் விதம் உனக்குத் தெரியும் என்றாலும் எனக்குச் சொல்லாமல் தூக்கம் வராது. தனியாகப் போகாதே, மூன்று பேராவது போங்கள். யாருடைய நிலமோ அவரிடம் முன்னாடியே கேள், ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லி வை. ராத்திரியில் டார்ச்சும் முக்காலியுமாக நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கேட்டால் எரிச்சல் படாமல் லென்ஸ் வழியாகக் காட்டு. காலுக்குப் பூட்ஸ் போடு, பாறை இடுக்கில் பையை வைக்காதே. விடியலில் தூக்கக் கண்ணோடு அந்த வளைவுகளில் வண்டி ஓட்டாதே. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சாமானைக் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் படு. ஆபீசுக்கு ஒரு நாள் தாமதமானால் பூமி சுற்றுவது நிற்காது.

கேமரா பொருத்துவதற்கு முன்னால் அரை மணி நேரம் போனைப் பையில் போட்டுவிட்டுச் சும்மா மேலே பார். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். கரினா அங்கே வெறும் கண்ணுக்கே பஞ்சுத் திட்டாகத் தெரியும். எதை எடுக்கப்போகிறாய் என்று முதலில் பார்த்துக்கொள், திரையில் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறாள். "கல்யாணம் ஆனா ராத்திரி மலைக்கு விடுவாங்களான்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன். என் தனிப்பட்ட கருத்து, வருகிறவன் எதிர் எடையைத் தூக்குவானா என்று முதலில் கேள்.

ஒரே ஒரு வேலை உனக்கு. அடுத்த முறை முடிந்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பாதே. கச்சாப் படம் ஒன்றை, ஒரே ஒன்றை, அப்படியே மெயிலில் அனுப்பு, இங்கே பெரிய திரையில் போட்டுப் பார்க்கிறேன். கூடவே அன்றைய நோட்டுப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பு. கையெழுத்து எனக்குப் புரியும்படி இருக்கட்டும். உன் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு. பெரியம்மா தட்டை கொடுத்தனுப்புகிறாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். போன தடவை கொடுத்ததையும் சேர்த்து.